அக்கா முழங்காலில் இல்லை

1

இந்தக் கதை ஒரு பிழைதிருத்தமாகத் தொடங்கியது.

பதினோரு வருடங்களுக்கு முன் நான் ஒரு பொய் வாக்கியம் எழுதினேன். அது எங்கும் அச்சாகவில்லை, அதனால் அடுத்த இதழில் வருத்தம் தெரிவித்து ஒரு கட்டம் போடவும் வழியில்லை. ஒருவர் அதை மனப்பாடம் செய்துகொண்டு மேடை மேடையாக ஏறி, கண்ணீரோடு சொல்லிக்கொண்டிருந்தார். அவர் என் அத்தான், அக்காவின் கணவர். வாக்கியம் இது:

"நான் வீட்டுக்குள் நுழைந்தபோது என் மனைவி முழங்காலில் நின்று எனக்காக ஜெபித்துக்கொண்டிருந்தாள்."

அக்கா முழங்காலில் இல்லை. கையில் துணிப்பெட்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

இவ்வளவுதானே, ஒரு பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஐந்து மாதமாகிறது.

2

முதலில் எழுதிய தொடக்கம் இப்படி இருந்தது:

"லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் இருந்தார். ஊரில் உள்ளவர்களை எல்லாம் மேலே ஏற்றிவிடுகிற அவர், தன் வாழ்க்கையில் மட்டும் கீழே கீழே"

வேண்டாம். இது எங்கள் சபைப் போதகரின் நகைச்சுவை. அத்தானைச் சாட்சி சொல்ல, அதாவது தான் மாறிய கதையைச் சபை முன் சொல்ல, கூப்பிடும்போதெல்லாம், "நம்ம பிரதர் எல்லாரையும் தூக்கிவிடுறவர், அவரைத் தூக்கிவிட்டவர் கர்த்தர்" என்பார். சபை சிரிக்கும். பதினோரு வருடமாக அதே இடத்தில், அதே அளவுச் சிரிப்பு.

இரண்டாவது தொடக்கம்: "என் அக்காவின் இடது மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது."

இது உண்மைதான். அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். லென்சைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் பொறுப்பு. ஃபிரேமை இடது கையில் பிடித்துத் திருப்ப முடியாது என்பதால், மேசையில் ஒரு சின்ன மரக்கட்டை வைத்து, அதில் ஃபிரேமைச் சாய்த்து, வலது கையால் திருகாணியை முடுக்குவாள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அதுதான் முறை போலிருக்கிறது என்று தங்களுக்கும் ஒரு கட்டை கேட்கிறார்கள்.

இந்தத் தொடக்கத்தையும் அடித்துவிட்டேன். எல்லோரும் அவளை மணிக்கட்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். சாட்சி முடிந்ததும் அவளிடம் வரும் பெண்கள் முதலில் கையைப் பார்ப்பார்கள். முகம் அப்புறம்தான்.

(என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வீட்டுச் சாமான்களுக்குக் கையேடு எழுதுகிறவள். சலவை இயந்திரம், மிக்ஸி, மின்விசிறி. "ஈரக் கையால் தொடாதீர்கள்" என்பது என் வாக்கியம். நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள், யாரும் படிப்பதில்லை. நான் எழுதியவற்றில் ஜனங்கள் கேட்டுவிட்டு அழுதது அந்தச் சாட்சி ஒன்றுதான். அதனால்தான் அதைத் திருத்த இவ்வளவு நாள் எனக்கு மனம் வரவில்லையோ என்று ஒரு சந்தேகம் உண்டு.)

3

தொடக்கமே வேண்டாம். நடந்ததை நேராகச் சொல்கிறேன்.

அத்தான் அப்போது குடித்துக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் வேலை முடிந்த பிறகு, அப்புறம் வேலைக்கு நடுவிலும். குடித்துவிட்டு லிஃப்ட் குழிக்குள் இறங்கக்கூடாது என்று கம்பெனியில் இரண்டு முறை எச்சரித்திருந்தார்கள். வீட்டில் எச்சரிக்க யாரும் இல்லை. முதலில் தட்டு பறந்தது. பிறகு கை நீண்டது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, அக்கா போய்விடுவது என்று முடிவு செய்தாள். ஒரு துணிப்பெட்டியும் குட்டியின் பள்ளிக்கூடப் பையும் தயாராக இருந்தன. குட்டி அவர்களுடைய ஒரே மகள், அப்போது ஏழு வயது. (இன்றைக்கு அந்த வீட்டிலேயே உயரமானவள் அவள்தான். பெயர் மட்டும் குட்டியாகவே நின்றுவிட்டது.)

அவர்கள் வீடு முதல் மாடியில். வெளிப்பக்கம் பதினான்கு படிகள். பன்னிரண்டரை மணிக்கு அத்தான் படியேறி வந்தார். கம்பெனியில் அன்று மூன்றாவது எச்சரிக்கை கொடுத்து அரைநாளில் அனுப்பியிருந்தார்கள். வாசலில் பெட்டியோடு அக்காவைப் பார்த்தார். எங்கே என்று கேட்டார். அவள் அவரைத் தாண்டி இறங்கப் பார்த்தாள். பெட்டியைப் பிடித்து இழுத்தார். அவள் விடவில்லை. தள்ளினார்.

(முதல் வரைவில் "கை தவறியது" என்று எழுதியிருந்தேன். தவறவில்லை. தள்ளினார்.)

பதினான்கு படியும் உருளவில்லை, ஐந்தாவது படியில் கைப்பிடிக் கம்பி தடுத்தது. தடுத்ததும் அதுதான், மணிக்கட்டை உடைத்ததும் அதுதான். குட்டி அவர்கள் இருவரையும் தாண்டி ஓடிப்போய்க் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். கீழ்வீட்டுக்காரர் வண்டி எடுத்து வந்தார். ஆஸ்பத்திரியில் எலும்பை ஒட்டவைக்கத் தகடு வைத்தார்கள்.

அத்தான் உடனே மாறிவிடவில்லை. விட்டார், குடித்தார், மறுபடி விட்டார். கூட வேலை செய்த ஒருவர் சபைக்கு அழைத்துப் போனார். போதகர் தினமும் காலையில் வீட்டு வாசலில் வந்து நின்று, "இன்னைக்கு எப்படி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார். உபதேசம் கிடையாது, ஒரே கேள்விதான். எட்டு மாதம், ஒரு நாள் தவறாமல். அதன் முடிவில் அத்தான் ஞானஸ்நானம் எடுத்தார். அதற்குப் பிறகு இன்றுவரை தொடவில்லை, கையும் ஓங்கவில்லை. இந்தக் கதையில் நான் ஒருபோதும் சந்தேகப்படாத அற்புதம் அது.

(மேலே போதகரின் நகைச்சுவையைக் கேலி செய்தேன். அதற்கு ஈடாக இந்தப் பத்தி.)

4

ஞானஸ்நானம் முடிந்த மாதம் போதகர் அவரைச் சாட்சி சொல்லச் சொன்னார். அத்தான் ஒரு கோடு போட்ட நோட்டோடு என் அறைக்கு வந்தார்.

"எனக்குப் பேச வராது. நீதானே எழுதுறவ. எழுதிக் குடு, பாத்து படிச்சிடறேன்."

என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். கம்பெனியில் திட்டு வாங்கியது, மதுக்கடைக்குப் போனது, படியேறியது வரைக்கும் சொன்னார். அதற்கப்புறம் ஆஸ்பத்திரிப் பெஞ்சுதான். நடுவில் ஒன்றுமில்லை.

அந்த நடுவில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும், அக்கா சொல்லியிருந்தாள். ஆனாலும் நான் நான்கு பக்கம் எழுதினேன், அதில் அவளை முழங்காலில் நிறுத்தினேன், குட்டியை ஓர் ஓரத்தில் அழவைத்தேன், பெட்டியை எடுத்துவிட்டேன். அத்தான் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். முழங்கால் வந்த இடத்தில் விரல் நின்றது.

"இப்படியா இருந்தா?"

ஆமாம் என்றேன்.

அவர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து அது அவருடைய ஞாபகம். அவருக்கு இருந்த ஒரு வெற்றிடத்தில் நான் ஒரு பெண்ணை வைத்தேன். அவர் அவளை நம்பிவிட்டார்.

ஏன் எழுதினேன் என்று கேட்பீர்கள். சாட்சிக்கு அது பொருந்தியது. கேட்பவர்களுக்குப் பிடிக்கும் என்று தோன்றியது. அத்தானுக்குத் தெம்பாக இருக்கும் என்றும்

(இவை காரணங்கள்தான். முழுக் காரணம் இல்லை. வேறொன்று இருக்கிறது. எழுத வருகிறதா பார்க்கிறேன்.)

முதல் தடவை அவர் சொன்னபோது அக்கா முன்வரிசையில் இருந்தாள். நான் பக்கவாட்டிலிருந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியம் வந்ததும் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே ஒரு முறை. வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

5

சாட்சி வளர்ந்தது. முதலில் எட்டு நிமிடம் இருந்தது மூன்றாவது வருடத்தில் நாற்பது நிமிடமானது. வேறு சபைகளிலிருந்தும் அழைத்தார்கள். எந்த இடத்தில் தண்ணீர் குடிப்பார், எங்கே குரல் உடையும் என்று எனக்குத் தெரியும். அது நடிப்பு என்று சொல்ல வரவில்லை. தினமும் மிதிபடும் வாசற்கல் தேய்ந்து பள்ளமாகிற மாதிரி அந்த இடம் தேய்ந்திருந்தது, குரல் தானாக அதில் இறங்கியது.

குட்டிக்குப் பதினைந்து வயதானபோது கூட வருவதை நிறுத்திவிட்டாள். காரணம் கேட்ட அப்பாவிடம் சொன்னாள்: "உங்க சாட்சியில எனக்கு எப்பவும் ஏழு வயசுப்பா. எப்பவும் அழுதுட்டே இருக்கேன். நான் அன்னைக்கு அழவே இல்ல."

அத்தானுக்கு அது புரியவில்லை. இளவயது, வாக்குவாதம் செய்கிற பருவம் என்று விட்டுவிட்டார். அக்கா மட்டும் போய்க்கொண்டிருந்தாள், முன்வரிசையில், கையை மடியில் வைத்துக்கொண்டு.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு கூட்டம் முடிந்து, ஒரு பெண் அக்காவிடம் வந்தாள். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காருகிற பெண், கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்த துப்பட்டாவை அக்கா கவனித்தாள். அந்தப் பெண் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்:

"நானும் உங்கள மாதிரிதான்க்கா முழங்காலில நிக்கிறேன். அவர் கண்டிப்பா மாறுவார், இல்லக்கா?"

அக்கா அவளை அழைத்துப்போய்ச் சபையின் பின்பக்கம் நாற்காலி அடுக்கிவைக்கும் அறையில் உட்காரவைத்தாள். நான் முழங்காலில் நிற்கவில்லை, பெட்டியோடு நின்றேன் என்று சொன்னாள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னது அங்கேதான், அழுக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவில். அந்த வாரமே அந்தப் பெண் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் போதகர் வந்தார். வருடாந்தரக் கூட்டத்தில் இந்த முறை கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்து மேடையில் நிற்க வேண்டும் என்று கேட்டார். அக்கா முடியாது என்றாள். காரணம் சொல்லவில்லை. காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

6

அத்தான் என்னிடம் வந்தார். அன்று உட்கார்ந்த அதே நாற்காலி. இந்தத் தடவை நோட்டு இல்லை, ஃபோனில் எழுதித் தரச் சொன்னார். அக்காவுக்குப் பழைய சாட்சி அலுத்துவிட்டது போலிருக்கிறது, புதிதாக மாற்றி எழுதினால் ஒருவேளை வருவாள் என்பது அவர் கணக்கு. நகத்தில் கிரீஸ் கறுப்பு. அதை இன்னொரு நகத்தால் சுரண்டிக்கொண்டே பேசினார்.

இந்த இடத்தை நான் ஏழு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் அழுகிறேன். ஒன்றில் எழுந்து ஜன்னலருகே போய் முதுகைக் காட்டிக்கொண்டு சொல்கிறேன், சினிமாவில் சொல்கிற மாதிரி. உண்மையில் நான் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மேசையில் ஒரு மின்விசிறிக் கையேட்டின் பக்கங்கள் பரப்பிக் கிடந்தன. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அத்தான், அக்கா அன்னைக்கு முழங்காலில இல்ல. அது நான் எழுதினது."

அவர் நகத்தைச் சுரண்டுவதை நிறுத்தினார்.

"பின்ன எப்படி இருந்தா?"

"பெட்டியோட நின்னா. கெளம்பிட்டிருந்தா."

கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. கையேட்டின் மேல் இருந்த மின்விசிறிப் படத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "எனக்கு அவ முகம்கூட ஞாபகம் இருக்கே. கண்ணை மூடிக்கிட்டு இருந்தாளே" என்றார்.

அவர் எழுந்து போய்விட்டார். ஹெல்மெட்டை மறந்து விட்டுவிட்டுப் போனார்.

7

இந்தப் பகுதியில் நான் இல்லை. நான் இல்லாத இடத்தைப் பற்றி எழுதும்போது என்ன ஆகும் என்று எனக்கும் உங்களுக்கும் தெரியும். ஆகவே அக்கா எனக்குச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். முகபாவம், பெருமூச்சு எதுவும் என்னிடம் கிடையாது.

அத்தான் நேரே கண்ணாடிக் கடைக்குப் போயிருக்கிறார். கடையில் யாரும் இல்லாத நேரம். அக்கா ஒரு லென்சைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நீ கிளம்பிக்கொண்டிருந்தாயா என்று கேட்டார். ஆமாம் என்றாள். என்னை விட்டுவிட்டா என்றார். உங்களை விட்டுவிட்டுத்தான் என்றாள்.

"பின்ன ஏன் இருந்தே?"

கை உடைந்துவிட்டது என்றாள். ஒரு கையால் பெட்டியையும் பிடித்து, குழந்தையையும் பிடிக்க முடியாது, அதனால் இருந்தாள், வேறு பெரிய காரணம் இல்லை. பெட்டியைப் பிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் அப்படியே வைத்திருந்தாள். தேவைப்படும்போது ஒரு புடவை, குட்டியின் ஒரு பாவாடை என்று அதிலிருந்து எடுப்பாள். துவைத்ததும் அலமாரியில் வைப்பாள். ஒரு வருடத்துக்கும் மேலாகியிருக்கும், ஒரு நாள் குட்டியின் ஸ்வெட்டரைத் தேடிப் பெட்டியைத் திறந்தால் காலி. அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாளாம், இருக்கப்போகிறோம் என்று.

"நான் ஜெபம் பண்ணலன்னு நினைக்காதீங்க. தினமும் பண்ணேன். போறதா, இருக்கிறதான்னு கேட்டேன். பதிலே வரல. நானா முடிவு பண்ணேன். அதைக் கர்த்தர் ஏத்துக்கிட்டார். நான் போகக் கெளம்பினதும் நான் செஞ்சது, அப்புறம் இருந்ததும் நான் செஞ்சது. உங்க சாட்சியில ரெண்டும் இல்ல."

அத்தான் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அவள் அதை நிறுத்தச் சொல்லியிருக்கிறாள்.

"மன்னிச்சாச்சு. ஒரே நாள்ல இல்ல, கொஞ்சம் கொஞ்சமா. ஆனா முடிஞ்சுபோச்சு. மன்னிச்ச பாவத்தைக் கர்த்தர் நினைக்கிறதே இல்லன்னு பிரசங்கத்துல கேக்குறோம். நீங்கதான் வருஷத்துக்கு நாலு தடவை மைக்கைப் புடிச்சு அவருக்கு ஞாபகப்படுத்துறீங்க. நான் அந்தப் படியை விட்டு எறங்கி எவ்வளவோ வருஷமாச்சு. நீங்க என்னைத் திரும்பத் திரும்ப மேல ஏத்தி நிக்க வெக்கிறீங்க."

இதற்கு அத்தான் சொன்ன பதிலைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர் சொன்னாராம்: "எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியாதே. அதை விட்டா நான் யாரு?"

ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்திருக்கிறார். அக்கா பொருத்தி முடித்த கண்ணாடியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

8

முடிவுகள்.

முதல் முடிவு: அத்தான் மேடையேறி எல்லா உண்மையையும் சொல்கிறார். வாசல், பெட்டி, கட்டிலடியில் அது காலியானது. சபையே அழுகிறது. இதை இரண்டு பக்கத்துக்கு எழுதினேன், எனக்கே கண் கலங்கியது. போதகரும் இதே முடிவைத்தான் விரும்பினார். அத்தான் போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்து, "உண்மையைச் சொன்னா இது இன்னும் நல்ல சாட்சியாச்சே பிரதர்" என்றாராம். அக்கா என் இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு, குறுக்கே ஒரு கோடு போட்டாள். ஓரத்தில், "மறுபடியும் என் கையா?" என்று எழுதியிருந்தாள்.

இரண்டாவது முடிவு: அத்தான் கூட்டத்துக்கே வரவில்லை. இது நாலு வரிதான். நம்பும்படியாக இல்லை. அவர் எங்கேயாவது வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்ததில்லை, குடித்த காலத்தில்கூட.

நடந்தது இது. ஞாயிற்றுக்கிழமை காலை. போதகர் தூக்கிவிடும் நகைச்சுவையைச் சொன்னார். சபை சிரித்தது. அத்தான் காகிதம் எதுவும் இல்லாமல் ஏறினார். அக்கா முன்வரிசையில் இல்லை, ஐந்தாவது வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என் பழைய சாட்சியை நீங்க கேட்டிருக்கீங்க. அதுல நான் செஞ்சதா சொன்ன தப்பு அத்தனையும் உண்மை. என் மனைவியைப் பத்திச் சொன்னது தப்பு. எது சரின்னு நான் சொல்லமாட்டேன், அது அவங்களோடது. ஆனா அதைக் கேட்டுட்டு யாராவது அடி வாங்கிட்டு வீட்லயே இருந்தீங்கன்னா, இருக்காதீங்க. பத்திரமான எடத்துக்குப் போயிட்டு அங்க இருந்து ஜெபம் பண்ணுங்க. இனிமே அந்தச் சாட்சியைச் சொல்லமாட்டேன்."

நின்றார். தண்ணீர் குடிக்கவில்லை.

"நேத்து நடந்ததைச் சொல்றேன்."

முந்தின நாள் ஓர் அலுவலகக் கட்டடத்தில் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஓர் ஆள் தனியாக. கூட வந்தவர் மேலே போய் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருக்க, அத்தான் வெளியே தரையில் உட்கார்ந்து கதவிடுக்கு வழியாக அந்த ஆளிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஆள் பயத்தில் கண்டபடி திட்டினார். அம்மாவை எல்லாம் இழுத்துத் திட்டினார்.

"முப்பத்தஞ்சு நிமிஷம். நான் இங்கதான் இருக்கேன் சார், எங்கயும் போகலன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். வெளிய வந்ததும் ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டார். எனக்குக் கோவம் வந்துச்சு. கை மடங்குச்சு. அப்புறம் விரிஞ்சுது. டூல்ஸை எடுத்துக்கிட்டு அடுத்த கட்டடத்துக்குப் போனேன். அவ்வளவுதான். ஸ்தோத்திரம்."

மொத்தம் நாலு நிமிடம் இருக்கும். இது முடிந்துவிட்டதா என்று சபைக்குத் தெரியவில்லை. ஆமென் சொல்வதற்கான இடம் எது என்றும் தெரியவில்லை. பின்வரிசையிலிருந்து ஓர் ஆமென் வந்தது, குட்டியின் குரல். எப்போது வந்தாள் என்று நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அந்த ஆமெனில் கொஞ்சம் கேலி இருந்தது. கேலி மட்டும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு வெளிச் சபைகளின் அழைப்புகள் நின்றுவிட்டன. அத்தான் விசுவாசத்தில் குளிர்ந்துவிட்டார் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். பின்னால் இருப்பதை மறந்து முன்னால் இருப்பதை நோக்கி ஓடச் சொல்லி எங்கள் சபைச் சுவரில் எழுதியிருக்கிறது. பழசை விட்டுவிட்டால் மனிதனுக்குக் கை லேசாகிவிடும் என்று அதைப் படிக்கும்போதெல்லாம் நினைத்திருந்தேன். அத்தானைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. லேசான கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாதவராக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் கேட்காமலே நாற்காலி அடுக்குகிறார், ஒலிபெருக்கி வயரைச் சரிசெய்கிறார், வாசலில் நிற்கிறார். யாராவது புதிதாக, கண் சிவந்து, நடை தள்ளாடி வந்தால், பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார். பழைய கதையை எடுப்பதில்லை. "இன்னைக்கு எப்படி?" என்று கேட்கிறார்.

9

எட்டாம் பகுதியோடு நிறுத்திவிட்டுக் குட்டியிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் இப்போது விடுதியில் தங்கிப் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். கால் மேல் கால் போட்டுக்கொண்டு படித்தாள். அழவில்லை என்று சரியாக எழுதியிருப்பதற்கு நன்றி சொன்னாள். பிறகு கேட்டாள்:

"நல்லாத்தான் இருக்கு சித்தி. ஆனா அம்மா பெட்டியைத் தூக்கிட்டு எங்க போக இருந்தாங்கன்னு எழுதலையே?"

அவளுக்குத் தெரியாது. ஏழு வயதுக் குழந்தையிடம் வெளியே போகிறோம் என்று மட்டும் சொல்லியிருப்பாள் அக்கா.

ஆகவே எழுதுகிறேன்.

அக்கா அன்று காலை ஒன்பது மணிக்கு எனக்கு ஃபோன் செய்தாள். இனி முடியாது, குட்டியைக் கூட்டிக்கொண்டு உன் அறைக்கு வந்துவிடட்டுமா என்று கேட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றுதான் சொன்னேன். ஆனால்

ஆனால் அன்று பன்னிரண்டு மணிக்குள் ஒரு சலவை இயந்திரத்தின் கையேட்டை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அறை ஒரே குப்பையாகக் கிடந்தது. அவர்கள் வந்தால் பேச வேண்டும், அழுவாள், குழந்தை ஓடும். அதனால், "மத்தியானத்துக்கு மேல வாயேன்" என்றேன்.

ஒன்பது மணிக்கு அத்தான் வேலையில் இருந்தார். படியில் யாரும் இல்லை. பத்து மணிக்கும் இல்லை, பதினொன்றுக்கும் இல்லை. அக்கா நான் சொன்னபடி காத்திருந்தாள். பன்னிரண்டரைக்குப் பெட்டியைத் தூக்கினாள்.

முழங்காலில் நிற்கிற பெண் எங்கேயும் கிளம்பவில்லை. எங்கேயும் கிளம்பாதவளை யாரும் காத்திருக்கச் சொல்லியிருக்க முடியாது. நான் ஏன் அப்படி எழுதினேன் என்பதன் முழுக் காரணம் இதுதான். அத்தானுக்குத் தெம்பாக இருக்கும் என்று எழுதியதாகப் பதினோரு வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெபத்தில்கூட அப்படித்தான் சொன்னேன், கர்த்தருக்கு எல்லாம் தெரியும் என்று தெரிந்தும்.

அத்தான் மேடையில் தன் குற்றத்தை நூறு தடவை சொல்லிவிட்டார். நான் என் பங்கைச் சொல்வது இதுதான் முதல் தடவை. அவரை நான் சாட்சிக்குள் அடைத்துவைத்தேன் என்று சொல்லலாம். வெளியே நின்றுகொண்டிருந்த எனக்கும் வழி தெரியவில்லை.

10

ஒன்பதாம் பகுதியை எடுத்துக்கொண்டு நேற்று கண்ணாடிக் கடைக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். அக்கா டப்பாவை மூடிவைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, காகிதத்தை வாங்கினாள். நான் அவள் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது என்று வெளியே போய் நின்றேன். எதிரே ஒருவர் கடைக்குப் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்தார். கோணலாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். இடது பக்கம் கொஞ்சம் தூக்கச் சொன்னேன்.

அக்கா வெளியே வந்தாள். காகிதத்தை நான்காக மடித்திருந்தாள். இரண்டு வாக்கியம் சொன்னாள். ஒன்று நான் பன்னிரண்டு வருடமாகப் பயந்துகொண்டிருந்தது. மற்றது நான் நினைத்தே பார்க்காதது.

இதை எழுதட்டுமா என்று கேட்டேன். யோசித்தாள். வேண்டாம் என்றாள்.

அதனால் நான் எழுதவில்லை. உங்களுக்கு ஒரு முடிவு வேண்டியிருக்கும், எனக்குத் தெரியும். மன்னித்தாள் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஃபோன் பேச்சை இவ்வளவு நாளும் மனதில் வைத்திருந்தாள் என்றும் வைத்துக்கொள்ளலாம். அவள் ஒரே நாளில் எதையும் செய்து முடிக்கிறவள் இல்லை என்பது மட்டும் உங்களுக்குத் தெரியும். நீங்கள் எதை எழுதினாலும் அது உங்கள் வாக்கியம். அவள் பெயரில் போடாதீர்கள்.

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். அவள் போனாள். நான் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். எதையோ நினைத்துக்கொண்டே அதைத் தாண்டிப் போய்விட்டதை அடுத்த தெருமுனையில்தான் கவனித்தேன். திரும்பிப் போனால் ஐந்து நிமிடம். அடுத்த நிறுத்தத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். வெயில் அடித்தது. நடந்தேன்.